‘நா’ என்றால் நாமா, நாங்களா? இப்னு ஸைதூனின் நூனிய்யா பற்றிச் சில குறிப்புகள்

றபீஉல் அவ்வல் பிறந்துவிட்டால் நமது ஊர்களில் பல இடங்களில் புர்தா ஓதும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அரபு விளங்காதவர்கள்கூட ராகம் பிசகாமல் ஓதுவார்கள். எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் சட்டென்று விட வேண்டும் என்பது நாவுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்துக்கு அரபு யாப்பிலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு. ‘பஸீத்’ என்பார்கள். இமாம் பூஸீரி 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் பாடிய புர்தா முழுவதும் பஸீத் எனும் யாப்பில் அமைந்தது. ‘மௌலாய’ என்று தொடங்கி நாம் கூட்டாகத் திரும்பத் திரும்ப ஓதும் பைத்தும் அதே யாப்புத்தான்.

புர்தாவுக்கு ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்னர், இதே யாப்பில் அந்தலூஸ் தேசத்துக் கவிஞர் ஒருவர் தன்னை விட்டுப் பிரிந்த ஒரு பெண்ணுக்குக் கவிதை எழுதினார். அரபு இலக்கியத்தில் காதல் பிரிவு பற்றிய பேச்சு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். கவிஞர் இப்னு ஸைதூன். கவிதை ‘நூனிய்யா’. ஒவ்வொரு பைத்தும் ‘நூன்’ எழுத்தில் முடிவதால் வந்த பெயர். அந்தக் கவிதையின் துயரம் எங்கிருந்து வருகிறது, யாப்பிலிருந்தா, காஃபியா எனும் எதுகையிலிருந்தா என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இது தமிழ் படித்தவர்களுக்கும் சுவையான விஷயம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் வரலாறு.

இப்னு ஸைதூன் 1003இல் குர்துபாவில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாகும்போது, 1009இல், ‘ஃபித்னா’ என்று வரலாற்று நூல்கள் சொல்லும் உள்நாட்டுப் போர் தொடங்கியது. மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936இல் கட்டத் தொடங்கிய மதீனத்துஸ் ஸஹ்ரா எனும் அரண்மனை நகரம் அந்தப் போரில் சூறையாடப்பட்டுச் சிதைந்தது. 1031இல் உமையா கிலாஃபத் முற்றாக ஒழிந்து, அந்தலூஸ் சிறுசிறு அரசுகளாக உடைந்தது. அப்போது கவிஞருக்கு 28 வயது.

வல்லாதாவும் அந்த இடிபாட்டின் பிள்ளைதான். அவருடைய தந்தை அல்-முஸ்தக்ஃபி 1024இல் கலீஃபாவானார். அடுத்த வருடமே குர்துபாவை விட்டுத் தப்பி ஓடி உயிரிழந்தார். தந்தை போனபின் வல்லாதா தன் வீட்டில் இலக்கிய மஜ்லிஸ் நடத்தினார். ஆண்களோடு சரிசமமாகக் கவிபாடினார். ஆடையின் ஓரங்களில் தன் கவிதையையே பொறித்து அணிந்தார் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த மஜ்லிஸில்தான் இருவரும் சந்தித்தார்கள்.

பிரிவுக்குப் பல கதைகள் சொல்லப்படுகின்றன. வல்லாதாவின் பணிப்பெண் ஒருத்தியின் பாட்டைக் கவிஞர் அளவுக்கு மீறி ரசித்தது ஒரு கதை. பின்னர் வல்லாதா, இப்னு அப்தூஸ் எனும் அமைச்சரின் பக்கம் சாய்ந்தார். இப்னு ஸைதூன் சும்மா இருக்கவில்லை. வல்லாதாவே எழுதியது போல, அமைச்சரைக் கேலிசெய்யும் கடிதம் ஒன்றை எழுதி ஊரெல்லாம் சிரிக்க வைத்தார். அரபு உரைநடையில் அது இன்றும் ஒரு சாதனை. காதலை மீட்க அது உதவவில்லை. பகை முற்றியது. குர்துபாவின் ஆட்சியாளர் இப்னு ஜஹ்வர் அவரைச் சிறையில் அடைத்தார். தப்பினார், திரும்பினார், மீண்டும் வெளியேறினார். 1049 அளவில் இஷ்பீலியா, அதாவது இன்றைய செவில் நகரத்து அப்பாதிய அரசரிடம் போய்ச் சேர்ந்து உயர்பதவி வகித்து, 1071இல் அங்கேயே மௌத்தானார். குர்துபாவை விட்டு விலகியிருந்த காலத்தில் வல்லாதாவுக்கு எழுதி அனுப்பியதுதான் நூனிய்யா.

இனி யாப்புக்கு வருவோம். பாடசாலையில் யாப்பு என்றதும் முகம் சுளிக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். ஆனாலும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அரபு யாப்பிலக்கணத்துக்கு ‘அரூழ்’ என்று பெயர். 8ஆம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அதை வகுத்தார். அவர் வைத்த கலைச்சொற்களைப் பாருங்கள்: இரண்டு பாதியும் சேர்ந்த முழு அடி ‘பைத்’, அதாவது வீடு. நாம் ‘பைத்து ஓதுதல்’ என்கிறோமே, அந்தச் சொல்தான். பாலைவனத்து மனிதரின் வீடு கூடாரம். எனவே அடியின் ஒவ்வொரு பாதியும் ஒரு கதவு. அசைகளில் ஒருவகை கயிறு, இன்னொருவகை முளை. தமிழ் இலக்கணத்தில் சீரோடு சீரைக் கட்டுவது தளை, அதாவது விலங்கு. அரபியில் கயிறு கூடாரத்தைக் கட்டுகிறது. பா என்பது குடியிருக்கும் இடம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

பஸீதின் ஒரு பாதியைக் கலீல் இப்படி வாய்பாடாகச் சொன்னார்: முஸ்தஃப்இலுன் ஃபாஇலுன் முஸ்தஃப்இலுன் ஃபாஇலுன். இதை நமது நேர், நிரையில் அலகிட்டால் தேமாங்கனி, கூவிளம், தேமாங்கனி, கூவிளம் என்று வரும். கையில் பேனை இருந்தால் போட்டுப் பாருங்கள். ‘முஸ்’ நேர், ‘தஃப்’ நேர், ‘இலுன்’ நிரை. கனிச்சீர் வருவதால் இதை ஒருநாளும் வெண்பாவுக்குள் நுழைக்க முடியாது என்பது வேறு கதை. நமது அசைக் கணக்கும் அரபுக் கணக்கும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. தனிக்குறிலையும் நெடிலையும் நாம் சில இடங்களில் ஒரே நேரசையாக எண்ணுவோம். அரபி அப்படி எண்ணாது. இருந்தாலும் ஓசையைப் பிடிக்க இந்த ஒப்பீடு போதும்.

பாதியின் கடைசிச் சீர்தான் முக்கியம். நடைமுறையில் அது ‘ஃபாஇலுன்’ என்று முழுதாக நிற்பதில்லை. ‘ஃபஇலுன்’ என்று குறுகும். அதாவது கூவிளம் புளிமாவாகிவிடும். புர்தாவில் இரண்டு கதவுகளும் இப்படித்தான் சாத்தப்படுகின்றன. இரண்டு குறில் தாவி, ஒரு நெடிலில் நிற்கும். அதனால்தான் புர்தா ஓதும்போது ஒவ்வொரு முடிவிலும் அடுத்ததற்கு ஓடும் ஒரு துள்ளல் இருக்கிறது.

நூனிய்யாவில் முதல் கதவு அதேபோல் துள்ளலோடு சாத்தும். இரண்டாவது கதவு மட்டும் ‘ஃபஃலுன்’ என்று முடியும். தேமா. இரண்டு நெடில், ஒன்றன்பின் ஒன்றாக. ‘…ஈ நா’. ஓடிவந்த அடி இரண்டு தரம் காலூன்றி நின்றுவிடுகிறது. சுமார் 50 பைத்துகளிலும் இப்படித்தான்.

இந்த இரட்டை நெடில்தான் துயரத்தைத் தருகிறது என்று சொல்லிவிடலாமா? பலர் சொல்கிறார்கள். ஒவ்வொரு யாப்புக்கும் ஒரு சுபாவம் உண்டு என்ற கருத்து பழையது. 13ஆம் நூற்றாண்டில் ஹாஸிம் அல்-கர்தாஜன்னி எனும் அந்தலூஸ் அறிஞர் யாப்புகளின் குணங்களை ஆராய்ந்து விரிவாகவே எழுதினார். எங்கள் அபிப்பிராயத்தில் இந்தக் கருத்து பாதி தூரம்தான் செல்லும். சாட்சி வெளியே தேட வேண்டாம், இப்னு ஸைதூனிடமே இருக்கிறது.

அவர் சிதைந்த ஸஹ்ரா நகரத்தில் நின்று வல்லாதாவை நினைத்துப் பாடிய இன்னொரு கவிதை உண்டு. ‘காஃப்’ எழுத்தில் முடிவதால் அதைக் காஃபிய்யா என்பர். அதுவும் பஸீத். அதுவும் இரட்டை நெடிலில்தான் முடிகிறது. கவிஞரும் அவரே, பெண்ணும் அவரே. ஆனால் மனநிலை வேறு. அங்கே இளங்காற்றும் பூக்களும் தண்ணீரும் இருக்கின்றன. ஏக்கம் இருக்கிறது, உடைவு இல்லை. அந்தக் கவிதை ‘நான்’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. நான் உன்னை நினைத்தேன் என்று ஒருவர் ஒருத்திக்குச் சொல்லும் பேச்சு அது.

இன்னும் ஒரு சாட்சி. கஃப் இப்னு ஸுஹைர் (ரழி) நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் பாடிய ‘பானத் ஸுஆத்’ கசீதாவும் பஸீத்தான். அதன் முடிவிலும் தேமாதான். அது ஸுஆத் எனும் பெண்ணின் பிரிவில் தொடங்கி, நபியவர்களின் புகழில் போய் முடிகிறது. காதல் கவிதை என்றாலே ஆகாது என்று ஒதுக்குகிறவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். கஃப் (ரழி) அவர்களின் அந்தத் தொடக்கத்தை நபியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆக, ஒரே யாப்பு புகழுக்கும் உதவுகிறது, ஏக்கத்துக்கும் உதவுகிறது, அழுகைக்கும் உதவுகிறது. யாப்பு நடையைத் தருகிறது. யார் நடக்கிறார், யாரோடு நடக்கிறார் என்பதை நூனிய்யாவில் காஃபியாதான் சொல்கிறது.

அரபு மரபில் கவிதை முழுவதும் ஒரே இறுதியோசை வர வேண்டும். தமிழில் எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் விழுகிறது, சில அடிகளுக்குப் பின் மாறிவிடும். கடைசியில் ஒத்து வருவதை இயைபு என்போம். அது நமக்கு இரண்டாம் பட்சம். அரபியில் அதுவே எல்லாம். கடைசி ஓசையைத் தேர்ந்தெடுத்தவுடன் கவிஞர் தன் சொற்களில் பாதியைத் தேர்ந்துவிட்டார்.

இப்னு ஸைதூன் தேர்ந்தது ‘ஈனா’. அரபியில் ‘நா’ என்பது வெறும் ஓசை மட்டுமல்ல, அது ஒரு பிரதிப்பெயர் விகுதி. பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் ‘எங்கள்’. வினையோடு சேர்ந்தால் ‘எங்களை’. நமது இரவுகள், நமது கண்கள், நமது பகைவர்கள் என்று பெயர்கள் வந்து அந்த ‘நா’வில் விழுகின்றன. தேய்க்கிறது, அழவைக்கிறது, தூண்டுகிறது என்று வினைகள் வந்து விழுகின்றன. இடையிடையே பிரதிப்பெயர் இல்லாமல் ஓசைக்காக மட்டும் ‘ஈனா’ என்று முடியும் சொற்களும் உண்டு. ‘ஆமீன்’ அப்படி வருகிறது. நரகவாசிகளின் உணவாகக் குர்ஆன் சொல்லும் ‘ஃகிஸ்லீன்’ வருகிறது. ‘தல்கீன்’ வருகிறது. நமக்கு அது கபுறடியில் ஓதுவது; அவர் சொல்வது வாயால் சொல்லிக்கொடுத்து மனனம் செய்விக்கும் பாடத்தை. அந்தச் சொற்களிலும் காது ‘நா’வைத்தான் கேட்கிறது. பிரதிப்பெயர் இல்லாத இடத்திலும் அது இருப்பதுபோல் தோன்றிவிடுகிறது.

வினைகளை மறுபடி பாருங்கள். தமிழில் ‘நின்றோம், அழுதோம்’ என்று ‘ஓம்’ வந்தால் அது செய்பவரைக் காட்டும். நூனிய்யாவின் வினைகளில் ஒட்டும் ‘நா’ செயலுக்கு ஆட்படுபவரைக் காட்டுவது. அங்கே ‘நாம்’ எதையும் செய்வதில்லை. ‘நமக்கு’ ஒவ்வொன்றாக நடக்கிறது. காலமும் பகைவரும் பிரிவும் எழுவாயாக நிற்கிறார்கள், இறுதியில் செயப்படுபொருளாக ‘நா’ நிற்கிறது. இந்தக் கவிதையைத் தமிழாக்கும்போது வரிகளை ‘ஓம்’ என்று முடித்தால் இயைபு கிடைக்கும், ஆனால் கவிதை தலைகீழாகிவிடும்.

கவிதையின் தொடக்கச் சொற்களிலும் இதே விஷயம் ஒளிந்திருக்கிறது. விலகல், நெருக்கம், பாராமுகம் ஆகிய மூன்றையும் முதல் பைத்திலேயே அடுக்குகிறார். மூன்றும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள்: தனாஈ, ததானீ, தஜாஃபீ. அரபு இலக்கணத்தில் இந்த அச்சு ஒருவருக்கொருவர் செய்துகொள்வதைக் குறிக்கும். ஒருவர் தனியாக ‘தனாஈ’ செய்ய முடியாது, இரண்டு பேர் வேண்டும். பிரிந்ததைச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே இருவர் இருக்கிறார்கள். அதன்பின் உடனடியாக மர்ஸியாவின் குரல் வருகிறது. பிரிந்த காலையைச் சொல்லும்போது, மௌத் அறிவிப்பவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஜனாஸா அறிவித்தலைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. உயிரோடு இருக்கும் ஒருத்திக்கு எழுதிய காதல் கவிதையில் இரங்கற்பாவின் உடை.

இப்போது முன்னர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அரபியின் ‘நா’வுக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை, இரண்டு இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம், நம்மை’. கேட்பவரை விலக்கினால் ‘நாங்கள், எங்களை’. ‘நம்மட’ என்று பொதுவாகப் பேசிவிடும் நமது பேச்சுவழக்கில் இது சில நேரம் மங்கினாலும், எழுத்தில் நாம் இதைக் கவனிக்கிறோம். அரபிக்கு அந்தக் கவலை இல்லை. அதோடு, அரபுக் காதல் கவிதையில் கவிஞர் தன்னை மட்டுமே ‘நாங்கள்’ என்று பன்மையில் சொல்லும் மரபும் இருக்கிறது. எனவே ஒவ்வொரு ‘நா’வும் நானா, நாங்களா, நாமா என்ற மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

வல்லாதாவிடம் இந்தக் கவிதை போய்ச் சேரும்போது அதன் முழு வேலையும் இந்த மயக்கத்தில்தான் நடக்கிறது. முதல் பைத்தின் ‘நா’ சந்தேகமில்லாமல் இருவரையும் சேர்த்தது. நெருங்கியிருந்தது இருவரும்தான். கொஞ்சம் தாண்டியதும் ‘நீங்கள்’ ஒரு பக்கம், ‘நா’ மறுபக்கம் என்று அடி இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பெண்ணை ஆண்பால் பன்மையில் ‘நீங்கள்’ என்று அழைப்பது அரபுக் கவி மரியாதை. பிற்பகுதியில் அது ‘நீ’ என்று மாறிவிடும். பெயரை மட்டும் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. மரியாதையின் பொருட்டுச் சொல்லவில்லை என்று கவிதைக்குள்ளேயே காரணமும் கூறுகிறார். இப்படி அழைப்பு தூரத்திலிருந்து கிட்ட வருகிறது. ஆனால் காஃபியா அசையவில்லை. அவள் இருந்த ‘நா’வும், அவள் போன பிறகு மிஞ்சிய ‘நா’வும் காதுக்கு ஒரே ‘நா’தான். அவள் விட்டுப்போன இடம் ஓசையில் தெரியவில்லை. ஐம்பது தடவையும் அவளைக் கூட்டிக்கொண்டே முடிகிறது.

தமிழில் ஐம்பது தடவையும் முடிவெடுத்தாக வேண்டும். ‘எங்களை’ என்று போட்டால் அவள் வெளியே. கவிஞர் ஒப்புக்கொள்ளாததை மொழிபெயர்ப்பாளர் ஒப்புக்கொண்டுவிடுகிறார். ‘நம்மை’ என்று போட்டால் அவள் இன்னும் உள்ளே இருக்கிறாள் என்றாகிவிடும். கவிதையின் பாதி பொய்யாகும். ‘என்னை’ என்று சுருக்கினால் அது காஃபிய்யாவின் குரல், இந்தக் கவிதையின் குரல் அல்ல. பழந்தமிழின் ‘எம்மை’யும் விலக்குகிற சொல்தான். எங்களைக் கேட்டால், முற்பகுதியில் நினைவுகளுக்கு மட்டும் ‘நம்’ வைத்து, பிரிவுக்குப் பின் ‘எம்’ என்று மாற்றி, கடைசியில் அவளுக்கு ஸலாம் சொல்லும் இடத்தில் மறுபடி ‘நம்’முக்குத் திரும்பலாம் என்போம். இலக்கணப்படி அந்தத் திரும்பல் பிழை என்று தமிழாசிரியர்கள் கோடு போடக்கூடும். போடட்டும்.

காஃபியாவின் பலம் எவ்வளவு என்று பார்க்க, ருந்தியை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1236இல் குர்துபாவும் 1248இல் இஷ்பீலியாவும் கைவிட்டுப் போன பிறகு, ருந்தா ஊரைச் சேர்ந்த அபுல் பகா அர்-ருந்தி அந்தலூஸுக்காகப் பாடிய புகழ்பெற்ற மர்ஸியாவும் பஸீத். அதுவும் தேமாவில் முடிகிறது. அதன் இறுதி எழுத்தும் நூன்தான். ஆனால் அவருடைய இறுதியோசை ‘ஆனு’. அதில் பிரதிப்பெயர் கிடையாது. எனவே அங்கே பெயர்கள்தான் வந்து நிற்கின்றன: மறைந்த அரச வம்சங்கள், கோத்திரங்கள், ஜய்யான் போன்ற பறிபோன ஊர்கள், கடைசியில் ஈமான். ருந்தி ஒரு பட்டியலை எல்லோர் முன்னும் வாசித்து அழுகிறார். ஒரு சமுதாயத்தின் இழப்புக்கு அது பொருத்தமான ஓசை. இப்னு ஸைதூனின் ‘ஈனா’வைக் கொண்டு அந்தக் கவிதையை எழுதியிருக்க முடியாது. ருந்தியின் ‘ஆனு’வைக் கொண்டு வல்லாதாவுக்கு எழுதியிருக்கவும் முடியாது.

‘ஈனா’வைத் திரும்ப எடுத்துத் தன் இழப்புக்குப் பயன்படுத்தியவர் எகிப்தின் அஹ்மத் ஷவ்கீ. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அவரை நாடுகடத்தினார்கள். அவர் போய்த் தங்கியது ஸ்பெயினில். அங்கிருந்து எகிப்தை நினைத்து, இப்னு ஸைதூனின் அதே யாப்பில், அதே காஃபியாவில் ஒரு நூனிய்யா பாடினார். முன்னோரின் கவிதைக்கு அதே அச்சில் எதிர்க்கவிதை பாடுவதை ‘முஆரளா’ என்பார்கள். இது அதில் தலைசிறந்தது.

ஷவ்கீ பேசுவது ஒரு பெண்ணோடு அல்ல. இஷ்பீலியாவின் பள்ளத்தாக்கில் மரத்திலிருந்து புலம்பும் ஒரு பறவையோடு. அவருடைய முதல் பைத்தில் இரண்டு கதவுகளும் ‘நா’வில் முடிகின்றன. முதல் கதவில் வருவது தனக்கும் பறவைக்கும் பொதுவான துன்பம். இரண்டாவது கதவில், பறவையின் பள்ளத்தாக்கிலிருந்து வேறுபட்ட, தன் சொந்த நைல் பள்ளத்தாக்கு. தமிழில் எழுதினால் முதலாவது ‘நம்’, இரண்டாவது ‘எங்கள்’. ஒரே பைத்துக்குள் பறவை உள்ளே வந்து வெளியே போய்விடுகிறது, அரபியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.